கோவிந்தனின் சொந்த முடிவு

ஒரே ஒரு வாக்கியம் சொல்லிக்கொடுப்பதற்காக நார்வேயிலிருந்து கல்வராயன் மலைக்கு வந்த ஆள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். வாக்கியமும் ஒன்றும் பெரிதில்லை. ‘இது என் சொந்த முடிவு.’ அவ்வளவுதான். சொல்ல வேண்டியவர் என் தம்பி மனைவியின் அண்ணன் கோவிந்தன். அவர் சொல்லாவிட்டால் என் தம்பிக்குச் சிறுநீரகம் கிடைக்காது.

கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், நிதானம் என்பது எனக்குச் சுட்டுப்போட்டாலும் வராது என்றாலும். தம்பி செந்தில் கள்ளக்குறிச்சியில் பள்ளி ஆசிரியர். கூட வேலை பார்த்த மல்லிகாவை விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டான். அவள் மலையில் பிறந்தவள், வெள்ளிமலையைத் தாண்டி ஒரு சின்ன ஊர். நாங்கள் களமருதூர், நெல்லும் கரும்பும் போடுகிற கீழ்நாட்டுக் குடும்பம். அப்பா அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. கொஞ்ச நாள் கழித்து மகனைச் சேர்த்துக்கொண்டார். மருமகள் கையால் காபியும் குடித்தார். ஆனால் மலை மட்டும் ஏறவில்லை. ‘சம்மந்தி வீடு’ என்று அவர் சொல்லி நான் கேட்டதே கிடையாது. ‘மலைக்காரங்க’ என்பார், அதோடு சரி.

செந்திலுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. மல்லிகாவின் ரத்தம் அவனுக்குச் சேரவில்லை. எனக்குச் சர்க்கரை. அப்பாவுக்கு வயதாகிவிட்டது. கோவிந்தனுடையது பொருந்தியது. சட்டப்படி மச்சான் நெருங்கிய உறவில் சேராது, அவர் கொடுப்பதென்றால் சென்னையில் ஒரு அரசாங்கக் குழு முன்னால் போய் உட்கார வேண்டும். மிரட்டி வாங்குகிறார்களா, காசு கைமாறுகிறதா, நிஜமாகவே பாசமா என்று துருவிப் பார்ப்பார்கள். பார்க்க வேண்டியதுதான். கீழ்நாட்டு வாத்தியாருக்கு மலையிலிருந்து ஒருவன் உறுப்பு கொடுக்கிறான் என்றால் நானே சந்தேகப்படுவேன்.

அந்தக் குழு கோவிந்தனிடம் கேட்டிருக்கிறது, இது உங்கள் சொந்த முடிவா என்று. மனுஷன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னாராம்: “என் முடிவு இல்லீங்க. எங்க ஊரே கூடி உக்காந்து எடுத்த முடிவுங்க.”

கதை முடிந்தது. குழுவிலிருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்களாம். யோசித்துவிட்டு இன்னொரு முறை வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மல்லிகா போனில் அழுதாள். “அண்ணி, எங்கண்ணன் அதைப் பெருமையா சொல்லிட்டு வந்து நிக்குதுண்ணி. தான் இன்னா தப்பு பண்ணோம்னே அதுக்குப் புரியல.” நான் லீவு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

இந்த வேலைக்கு என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது என்று நினைத்தேன். பெர்கன் நகரத்து ஆஸ்பத்திரிகளில் தமிழ் நோயாளிகளுக்கு மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். அங்கே டாக்டர் முதலில் செய்கிற காரியம், நோயாளியோடு வந்த கூட்டத்தை வெளியே அனுப்புவது. பெண்டாட்டி, மகன், மருமகன் எல்லாரும் வெளியே. கதவைச் சாத்துவார். பிறகு மெதுவாகக் கேட்பார்: “இப்போது இங்கே வேறு யாரும் இல்லை. உங்களுக்கு என்ன வேண்டும்?” நம் ஊர்ப் பெரியவர்கள் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பதில் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்கிற மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். வாயைத் திறந்து சொல்லித் தொலையுங்களேன் என்று உள்ளுக்குள் கத்தியிருக்கிறேன்.

கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் இறங்கியதும் வெயில் மண்டையில் அடித்தது. ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தேன். டிரைவர் வண்டியை எடுப்பதற்கு முன்பே கேட்டார், “எந்த ஊருங்க?” எங்கே போகணும் என்பது அப்புறம்தான். களமருதூர் என்றேன். “அங்க யாரு வூடு?” என்றார். சொன்னேன். தெரிந்தவர் மாதிரித் தலையாட்டினார். பதிலுக்கு நானும் கேட்டேன்.

வண்டியைக் கிளப்பினார். பிறகு கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே, “கருணாபுரம்” என்றார்.

நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்துவிட்டார். “பாத்தீங்களா, ஒடனே என் மூஞ்சிய பாக்கறீங்க. எல்லாரும் அப்டித்தாங்க. நான் கையால கூடத் தொடமாட்டேன். ஆனா அந்தச் சாராயச் சாவுக்கு அப்புறம் ஊரு பேரச் சொன்னா, வாய மோந்து பாக்காத கொறதான்.”

“வேற ஏதாவது தெருப் பேரைச் சொல்லிட்டுப் போகலாமே?” என்றேன்.

“சொல்லலாங்க. அப்புறம் எங்க தெருவுல செத்தவன்லாம் யாரு? அவங்கல்லாம் எனக்கு ஒண்ணுமில்லன்னு ஆயிடாதா?”

ரோட்டோரத்தில் கரும்பு ஜூஸ் கடைகளாக வந்துகொண்டிருந்தன. பெர்கனில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் இந்தியா என்பேன். மேற்கொண்டு யாரும் கேட்கமாட்டார்கள். எனக்கும் அது சௌகரியமாகத்தான் இருந்தது.

தம்பி வீட்டில் அவனைப் பார்த்து ஆடிப்போய்விட்டேன். கன்னம் ஒட்டி, காலில் நீர் கோத்து, தோல் கறுத்து, இவனா கிணற்றில் குதித்து நீந்தியவன் என்றிருந்தது. மல்லிகா அவனுக்கென்று காய்களை நறுக்கி, வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி வேகவைத்தாள். சக்கையைத்தான் சாப்பிடுகிறான். இளநீர் கிடையாது, வாழைப்பழம் கிடையாது. தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு சின்ன பாட்டில். தாகம் எடுத்தால் ஐஸ்கட்டி ஒன்றை வாயில் போட்டுச் சப்புகிறான். அவன் சப்புகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் முன்னால் உட்கார்ந்து காபி குடித்தேன்.

“அக்கா, மச்சானைப் போட்டு ரொம்ப நச்சாத. அவரு ஒரு மாதிரி ஆளு” என்றான்.

“நான் நச்சலைன்னா நீ செத்துருவ” என்றேன். பட்டென்று வந்துவிட்டது. மல்லிகா அடுப்படியில் பாத்திரத்தை உருட்டினாள். அவன் மட்டும் சிரித்தான்.

மறுநாள் மலைக்குப் பஸ் ஏறினேன். தம்பி கார் பிடித்துத் தருகிறேன் என்றான். நான்தான் வேண்டாம் என்று ஜம்பம் அடித்தேன். அதற்கான பலன் உடனே கிடைத்தது. வடக்கனந்தல் பக்கம் கரும்பு டிராக்டர் ஒன்று ரோட்டைக் குறுக்கே அடைத்துக்கொண்டு நின்றது. பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார், டிராக்டர்காரர் டீ குடித்தார். ஒருவழியாகக் கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினால், வளைவுகளில் பஸ் முனகிக்கொண்டே போய், ஒரு திருப்பத்தில் புகை விட்டுவிட்டு நின்றேவிட்டது. கண்டக்டர் எல்லாரையும் கீழே இறங்கச் சொன்னார். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. நான் மட்டும் ரோட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன்.

ஒரு அம்மாள் மக்காச்சோள மூட்டையின் மேல் உட்கார்ந்துகொண்டு என்னையே பார்த்தார். “நீ யாரு கண்ணு?”

பேரைச் சொன்னேன். நார்வேயில் மொழிபெயர்ப்பு வேலை என்றும் சொன்னேன்.

“அது கெடக்குது. யாரு வூட்டுக்குப் போற?”

கோவிந்தன் வீட்டுக்கு என்றேன். எந்தக் கோவிந்தன் என்றார். மல்லிகா அண்ணன் என்றேன்.

“அடியாத்தே! நீ மல்லிகா நாத்தனாரா? இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னா?” என்று எழுந்தே நின்றுவிட்டார். அடுத்த நிமிஷம் ரோட்டில் நின்ற அத்தனை பேருக்கும் நான் யாரென்று தெரிந்துவிட்டது. ஒருவர் மரவள்ளிக் கிழங்கு கொடுத்தார். இன்னொருவர், ‘கூடப் பொறந்தவ நீயி, நீ ஏன் குடுக்கல’ என்று நேராகக் கேட்டார். சர்க்கரை என்றேன். “அடப் பாவமே, ஒனக்குமா?” என்று உச்சுக்கொட்டினார். பெர்கன் பஸ்ஸில் வருஷக்கணக்காக ஒரே பெண்மணி என் பக்கத்தில் நின்றுகொண்டு வருகிறார். அவர் பேர் என்ன என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவருக்கு நான் யார் என்று தெரிந்துகொள்ள ஆசையும் இருக்காது.

பஸ் சரியாகி, வெள்ளிமலையில் இறங்கி, ஜீப்பில் தொங்கிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தபோது, நான் வருகிற சேதி எனக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. கோவிந்தன் வாசலில் நின்றார். ஒல்லியான ஆள், நாற்பது வயதிருக்கும், முன்பல் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். “வாங்கக்கா, வாங்க” என்று பையை வாங்கிக்கொண்டார். அவர் மனைவி அலமேலு தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். சிரிக்கவில்லை.

நான் அவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்றேன். அதற்கென்ன, பேசலாமே என்றார். இரண்டு பேரும் மரவள்ளிக் கொல்லைப் பக்கம் போனோம். நான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய சித்தப்பா வந்து குந்திக்கொண்டார். பின்னாலேயே பக்கத்து வீட்டுக்காரர். ‘இவங்க முன்னாடி பேசலாங்க, ஒண்ணுமில்ல’ என்றார் கோவிந்தன். மத்தியானம் ஓடைப் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். சித்தப்பா அங்கேயும் வந்துவிட்டார், துணி துவைத்த பெண்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சுற்றி நின்றார்கள். டாக்டர் கதவைச் சாத்துகிற மாதிரி சாத்துவதற்கு அந்த ஊரில் எனக்கு ஒரு கதவு கிடைக்கவில்லை. கடைசியில் கூட்டத்தின் முன்னாலேயே பாடத்தை ஆரம்பித்தேன்.

“கோவிந்தன், அவங்க கேட்டா நீங்க சொல்ல வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். ‘இது என் சொந்த முடிவு. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தலை.’ எங்க, சொல்லுங்க.”

“யாரும் கட்டாயப்படுத்தலீங்க” என்றார் சுறுசுறுப்பாக.

“முதல் பாதி?”

நெளிந்தார். சித்தப்பாவைப் பார்த்தார். வெட்கப்படுகிற பையன் மாதிரிக் காலால் மண்ணைக் கிளறினார். “அது எப்டிக்கா வாய்ல வரும்?”

“ஏன் வராது? நீங்கதானே குடுக்கறீங்க? உங்க உடம்புதானே?”

“ஒடம்பு என்துதான்.” கொஞ்சம் யோசித்தார். “இங்க ஒருத்தன் இருந்தாங்க. எங்க பங்காளிதான். யாராண்டயும் ஒரு வார்த்த கேக்காம நெலத்த விட்டுட்டு, பொண்டாட்டி புள்ளைங்கள விட்டுட்டு, எங்கியோ போய்ட்டான். போம்போது ‘இது என் முடிவு’ன்னுதான் சொல்லிட்டுப் போனான். நானும் அதையே போய் அங்க சொன்னா, அவனும் நானும் ஒண்ணாயிடுவோமே?”

எனக்குக் கோபம் வந்தது. “அது வேற, இது வேற! இங்க ஒரு உயிரு ஊசலாடுது, நீங்க வாய்ல வரலை வயித்துல வரலைங்கறீங்க!” என்று கத்திவிட்டேன். ஓடைப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கோவிந்தனுக்கு முகம் விழுந்துவிட்டது. நான் யார் அவர் மேல் கத்துவதற்கு என்று அப்போதே தோன்றியது. ஆனாலும் நிறுத்த முடியவில்லை. நாளைக்கு மறுபடி பார்க்கலாம் என்று எழுந்துவிட்டேன்.

அலமேலு சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். சோற்றின் ஓரத்தில் மலைத்தேன் ஒரு கரண்டி. நான் அள்ளி அள்ளிச் சாப்பிட்டேன். அவள் எதிரில் உட்கார்ந்து நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாப்புடறீங்க” என்றாள்.

“ஏன், சாப்பிட மாட்டேன்னு நெனச்சீங்களா?”

“ஒங்க வூட்லேர்ந்து இந்த வூட்ல கை நனைக்கற மொத ஆளு நீங்க. செந்திலு அண்ணன் வேற. அவுரு எங்க வூட்டு ஆளு ஆயிட்டாரு.”

பிறகு அவளாகவே சொன்னாள். யாரும் சொல்லாத கதை அது. கிட்னி கொடுப்பது பற்றி ஊர் முதலில் ஒன்றும் பேசவே இல்லை. அந்த ஊரில் பெரிய காரியம் எதையும் செய்ய நினைப்பவன் தன் வாயால் அதைச் சொல்லக்கூடாது. ஊர்க்கவுண்டர், அதாவது ஊர்த்தலைவர், வீட்டு வாசலில் போய்ப் பேசாமல் உட்கார வேண்டும். எதற்கு உட்கார்ந்திருக்கிறான் என்று மற்றவர்கள் விசாரித்து, அவன் சார்பாக வேறொருவர் எடுத்துச் சொல்ல வேண்டும். பங்காளிகள் கூடுவார்கள். வேண்டாம் என்றால் எழுந்து வந்துவிட வேண்டும். கோவிந்தன் போய் உட்கார்ந்தார். கூடினார்கள். வேண்டாம் என்றார்கள். எழுந்து வந்தவர் மறுநாளும் போய் உட்கார்ந்தார்.

“ஊர்ல யாருமே அப்டி திரும்பப் போய் உக்காந்தது கெடையாதுக்கா. சோறு தண்ணி இல்லாம உக்காந்துகினு இருக்குது இந்த ஆளு. எல்லாரும் சிரிச்சாங்க. கல்யாணத்துக்குக் கூட வராத வூட்டுக்கு ஏன்டா ஒடம்ப அறுத்துக் குடுக்கறேன்னு கேட்டாங்க. அத ஜாஸ்தியா கேட்டது யாரு தெரியுமா? நான்தான்.”

நான் கையைச் சோற்றிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கு ரெண்டு புள்ளைங்க. மலங்காட்டுல மூட்ட தூக்கற மனுஷன். ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்? நான் மாட்டேன்னா ஊரும் மாட்டேன்னுதான் சொல்லும். பொண்டாட்டி சொல்லு இல்லாம முடியாது. அப்புறம் ஒரு நா நானே போய் ஊரு கூடற களத்துல நின்னு, குடுக்கட்டும்னு சொன்னேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “இப்ப நீங்க வந்து, அதத் தன் சொந்த முடிவுன்னு சொல்லச் சொல்றீங்க. அப்ப நான் குடுத்தது எங்கக்கா போச்சு?”

ஊர் முடிவு என்றால் ஒருவன் தலையில் ஊர் கட்டிவைத்தது என்று சென்னையில் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இங்கே ஒரு மனுஷன் ஊரையே எதிர்த்து உட்கார்ந்து, மனைவியை அழவைத்து, ஒவ்வொருவராகச் சம்மதிக்கவைத்து, அப்புறம் அதற்கு ‘ஊர் முடிவு’ என்று பேர் வைத்திருக்கிறான். இவ்வளவு பிடிவாதமான ஒரு ஆளை நான் பெர்கனில் கூடப் பார்த்ததில்லை.

மறுநாள் காலையில் இன்னொன்று நடந்தது. களத்தில் பாய் விரித்து ஊர்க்கவுண்டரும் பங்காளிகளும் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு ஒரு பாய். நான் கோவிந்தனுக்குப் பாடம் எடுக்க வந்தவள் என்று அவர்கள் யாரும் நினைக்கவில்லை. களமருதூர் வீடு கடைசியில் மலை ஏறி வந்துவிட்டது என்று நினைத்திருக்கிறார்கள்.

“ஒங்க வூட்லேர்ந்து யாருனா வந்து கேக்கணும்னு அப்பவே நெனச்சோம்மா” என்றார் ஊர்க்கவுண்டர். “வரல. சரி, குடுக்கறதுன்னு ஆனப்பறம் அத ஒரு கொறையா சொல்லக் கூடாதுன்னு வுட்டுட்டோம். இப்ப வந்துட்டீங்க. சந்தோஷம். சொல்லுங்க.”

‘நான் வந்தது என் சொந்த விஷயமாக. என் குடும்பத்துக்காகப் பேச எனக்கு உரிமை கிடையாது.’ இதுதான் வாய் நுனியில் இருந்தது. என் தொழிலில் முதல் பாடமே அதுதான்: அடுத்தவர் சார்பாக ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லாதே. அப்பாவிடம் நான் கேட்கவில்லை. கேட்டால் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அலமேலு ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். நான் என்ன சொல்லப்போகிறேன் என்பதை அவள்தான் எல்லாரையும்விடக் கூர்ந்து பார்த்தாள்.

எழுந்து நின்றேன். “களமருதூர் வூடு வந்திருக்கு” என்றேன். “எங்கப்பா பேர்ல, எங்க வூட்டுப் பேர்ல கேக்கறோம். எங்க புள்ளைய காப்பாத்துங்க.” குரல் உடைந்துவிட்டது. எதற்கு அழுதேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. பொய் சொன்னதாலா, அது பொய்யாக இல்லாததாலா, சொல்லத் தெரியவில்லை. அலமேலு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துப் பாறையில்தான் சிக்னல் கிடைக்கும். ஏறி நின்று அப்பாவைக் கூப்பிட்டேன்.

“அப்பா, மலையிலிருந்து பேசறேன். உங்க பேர்ல இவங்ககிட்ட வார்த்த குடுத்துட்டேன்.”

“இன்னா வார்த்த?”

“நம்ப வூடு வந்து கேட்டுதுன்னு.”

“யாரக் கேட்டுச் சொன்ன?”

“யாரையும் கேக்கலை.”

போன் துண்டிக்கப்பட்டது. சிக்னல் போனதா, அவர் வைத்தாரா என்று பார்த்தேன். சிக்னல் நன்றாகவே இருந்தது. அந்தப் பாறையிலிருந்து பார்த்தால் கீழே அணையும், அதற்கு அந்தப் பக்கம் வயல்களும், புகையாக ஊர்களும் தெரிந்தன. அதில் எது களமருதூர் திசை என்று தேடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன்.

அடுத்த வாரம் வேனில் சென்னைக்குப் போனோம். செந்தில் பின்சீட்டில் படுத்திருந்தான். மல்லிகா அவன் தலைமாட்டில். உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டியதும் கோவிந்தன் என் பக்கம் திரும்பினார். “அக்கா, அந்த வாக்கியத்த இன்னொரு தபா சொல்லுங்க. செந்திலு பொழைக்கணும்னா பொய் சொல்லிட்டுப் போறேன். ஊர்க்கவுண்டர் திட்டுனா திட்டிக்கினு போவட்டும்.”

அலமேலு ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். இதற்காகத்தானே வந்தேன்? சொல்லிக்கொடுத்தால் நாளையே கையெழுத்தாகிவிடும். சொல்லிக்கொடுக்காவிட்டால் தம்பி என்ன ஆவான்? திரும்பிச் செந்திலைப் பார்த்தேன். அவன் கண்ணை மூடியபடியே, “பொய் வேணாம்க்கா” என்றான். கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்.

“வேண்டாம் கோவிந்தன்” என்றேன். “நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. மொதல்ல வேணாம்னாங்க, அப்புறம் நீங்க இன்னா பண்ணீங்கன்னு சொல்லுங்க. ஒண்ணு விடாம.”

மறுநாள் குழு அறைக்குள் கோவிந்தனை மட்டும் கூப்பிட்டார்கள். அலமேலுவை வெளியே உட்காரச் சொன்னார்கள். கதவைச் சாத்தினார்கள். எத்தனையோ தடவை அந்த மாதிரிக் கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கிறேன். வெளியே உட்கார்வது இப்படி இருக்கும் என்று தெரியாது. எழுந்தேன், உட்கார்ந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி எழுந்தேன். “உக்காருங்கக்கா, தல சுத்துது” என்றாள் அலமேலு. அவள்தான் கல் மாதிரி இருந்தாள்.

கோவிந்தன் வெளியே வந்தார். “இன்னா கேட்டாங்க?” என்று பாய்ந்தேன்.

“ஊரு வேணாம்னு சொல்லியிருந்தா இன்னா பண்ணியிருப்பேன்னு கேட்டாங்க. ‘வேணாம்னுதாங்க சொன்னாங்க, திரும்பப் போய் உக்காந்தேன்’னு சொன்னேன். எல்லாத்தையும் சொன்னேன். அதுல ஒரு டாக்டரம்மா, ஏன் அப்டி உக்காந்தீங்கன்னு கேட்டாங்க.”

“நீங்க?”

“‘செந்திலு ஐஸ்கட்டி சப்பறத நீங்க பாத்திருக்கீங்களாம்மா’ன்னு கேட்டேன். அப்புறம் அலமேலுவக் கூப்புடச் சொன்னாங்க.”

அலமேலு உள்ளே போய் நெடுநேரம் இருந்தாள். என்ன சொன்னாள் என்று கடைசிவரை எங்களிடம் சொல்லவில்லை. சில நாளில் அனுமதி வந்தது.

ஆபரேஷன் அன்று காலையில் மலையிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்துவிட்டார்கள். காவலாளி மிரண்டுபோனார். ஒரு நோயாளிக்கு ஒரு ஆள்தான் என்று அவர் சொல்ல, “நாங்க ஒரு வூடுதாங்க” என்று சித்தப்பா விளக்கம் கொடுத்துக்கொண்டிருந்தார். பாதிப்பேர் வாசலில் வேப்பமர நிழலில் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்தார்கள். மீதிப்பேர் எப்படியோ மேலே வந்துவிட்டார்கள்.

அவர்களுக்கு நடுவில், கடைசி நாற்காலியில், வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக அப்பா உட்கார்ந்திருந்தார். எப்போது வந்தார், எந்த பஸ்ஸில் வந்தார், யாருக்கும் தெரியாது. என்னைப் பார்த்தார். நான் பக்கத்தில் போனேன். ஊர்க்கவுண்டர் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார். மல்லிகா கொண்டுவந்த டீயை இரண்டு பேரும் வாங்கிக் குடித்தார்கள்.

ஆபரேஷன் முடியும்வரை நான் அந்த வராந்தாவை அளந்துகொண்டிருந்தேன். ஒருவழியாகக் கதவு திறந்தது. நர்ஸ் ஒருத்தி எட்டிப் பார்த்தாள். முதலில் செந்தில் பேரைத்தான் கூப்பிடுவாள் என்று நானும் மல்லிகாவும் முன்னால் ஓடினோம்.

“கோவிந்தன் கண்ணு முழிச்சிட்டாரு. கோவிந்தனோட ஆளு யாரு?”

அலமேலு எழுந்தாள். அவளுக்கு முன்னால் அப்பா எழுந்து நின்றுவிட்டார். தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டார். கோயிலில்தான் அப்படிச் செய்வார்.

“நீங்க அவருக்கு என்ன வேணும்?” என்றாள் நர்ஸ்.

அப்பா தொண்டையைச் செருமினார். மலைக்காரர்கள் அத்தனை பேரும் அவரையே பார்த்தார்கள்.

“சம்மந்தி” என்றார்.

“ஒருத்தர்தான் உள்ள வரலாங்க.”

அவர் அலமேலுவுக்கு வழிவிட்டு ஒதுங்கினார். அவள் உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறவரை அப்பா உட்காரவே இல்லை.